காயாத வார்னிஷ்

பூச்சு காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கதவைத் திறந்த டிராயிங் வாத்தியாருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஜன்னலின் உள்பக்கத்து அடிக்கட்டையில் அவர் பார்த்துப் பார்த்து இழுத்துவிட்டிருந்த வார்னிஷில் இரண்டு முழங்கைகள் பதிந்திருந்தன. யாரோ சாவகாசமாக ஊன்றிக்கொண்டு வெளியே வேடிக்கை பார்த்திருக்கிறார்கள்.

“ஈரத்துல கை வைக்காதேன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்ல?”

“அந்த நாத்தத்துக்குள்ள நான் எதுக்குப் போறேன்?” அவர் மனைவி குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். “நீங்களே கையை ஊனியிருப்பீங்க. மறந்துட்டு என்மேல பாயுறீங்க.”

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்த மகள் அது. வீட்டில் ‘உருண்டை’ என்று பெயர். தவழ ஆரம்பித்துவிட்டாள். பழைய பெயின்ட் செதிலை எடுத்து வாயில் போட்டுவிடுவாளோ என்ற பயத்தில்தான் வாத்தியார் அந்த ஜன்னலைச் சுரண்டத் தொடங்கினார். பச்சைக்கு அடியில் வெள்ளை, வெள்ளைக்கு அடியில் கறுப்பு, அதற்கும் அடியில் இன்னொரு கறுப்பு. மற்ற ஜன்னல்களில் ஒரே ஒரு பூச்சுதான்.

வாத்தியார் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி உப்புத்தாளை எடுத்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. நமுத்த காற்றில் டர்ப்பன்டைன் வாடை தொண்டையில் உட்கார்ந்துகொள்ள, தாள் உரசும் சரசரப்புக்குக் கீழே, கட்டையின் உள்ளிருந்து யாரோ மெல்ல மூச்சை இழுப்பது போன்ற ஓசை, அவர் நிறுத்தினால் நின்று, தேய்த்தால் தொடர்ந்து, கூடவே வந்தது. மரத்தூள் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக ஒட்டியது. தூளை ஈரத்துணியால் துடைத்து, புதுப்பூச்சு அடித்து, அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மீண்டும் முழங்கைகள். நடுவில் மோவாய் பதிந்த குழிவு.

தன் முழங்கைகளை அந்தத் தடங்களுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். எவ்வளவு அகட்டியும் எட்டவில்லை. அப்படி அகட்டி ஊன்றக்கூடிய மனிதனை அவர் பார்த்ததே இல்லை. மனைவியிடம் மூச்சு விடவில்லை. துடைத்தார். தேய்த்தார். பூசினார்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் நேராக அந்த அறைக்குப் போனார். முழங்கைகள் இல்லை. உள்ளங்கைகள். விரல்கள் அறையைப் பார்த்து நீண்டிருந்தன, எட்டிப் பிடித்து ஏறி வருகிறவன் விரல்களைப் போல. வெளியே காலூன்ற இடமில்லை. கீழே இரண்டு மாடி. ஜன்னலோ உள்தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது.

வெளியிலிருந்து உள்ளே வேடிக்கை பார்த்து முடித்தாகிவிட்டது. இப்போது உள்ளே வந்திருக்கிறது.

வெளியே பாய்ந்து கதவைப் பூட்டினார்.

கூடத்தில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. தொட்டிலில் உருண்டை கெக்கலித்துச் சிரித்தாள். அள்ளித் தூக்கினார்.

அவர் சட்டையில் பிசுபிசுப்பு.

“ஏங்க!” சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். “இங்க வரைக்கும் வார்னிஷ் நாறுது. கையைக் கழுவிட்டுப் பிள்ளையைத் தூக்கக் கூடாதா?”

அவர் தன் கைகளைப் பார்த்தார்.

சுத்தமாக இருந்தன.

குழந்தையின் வெள்ளைச் சட்டையில், முதுகின் இரு பக்கமும், இரண்டு உள்ளங்கைகள். பழுப்பாக. ஈரமாக. விரல்கள் விலாவைச் சுற்றி வளைந்துபோய், மார்பில் ஒன்றோடொன்று பின்னியிருந்தன. ரேகைகள் இருக்க வேண்டிய இடத்தில் மரத்தின் வரிகள்.

“உருண்டை… அப்பாவைப் பாருடா.”

அவள் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலே, வெகு உயரத்தில் எதையோ பார்த்தாள்.

சிரித்தாள்.

தூக்கிக்கொள்ளச் சொல்லி இரண்டு கைகளையும் அதை நோக்கி நீட்டினாள்.