தலைவர் முகமில்லாத அறிவிப்பு

காலை 6.50. "செம்பரத்தை எஸ்டேட் சாலையில் வெடிப்பு விட்டிருக்கிறது. யாரும் போகாதீர்கள்" என்று மூங்கில்மேடு நகராண்மைக் கழகத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் படத்தோடு ஓர் அறிவிப்பு வந்தது. 7.20-க்குத் தேயிலை மேடு பாதி மலையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சாலையில் வந்து உட்கார்ந்தது. அறிவிப்பைப் பார்த்துத் திரும்பிய பள்ளி வேன் தப்பியது. தாய்மார் விட்ட ஆனந்தக் கண்ணீரில் ரிங்லெட் அணை ஒரு முழம் ஏறியிருக்கும்.

சிக்கல் ஒன்றுதான். அதை யார் போட்டார்கள் என்று கழகத்தில் யாருக்கும் தெரியவில்லை.

"ஒம் பேர்லதான் வந்திருக்கு, தாரணி. மூணு அதிகாரி கையெழுத்து இல்லாம எப்படிப் போட்ட?" தலைவர் சிவனேஸ்வரன் கேட்டார்.

"நான் போடல சார்."

"அப்ப யாரு? பன்னண்டு மணிக்குள்ள சொல்லு. இல்லன்னா நாளைலேர்ந்து வராத."

பக்கத்தை நடத்தும் தாரணி கண்ணைத் துடைத்தபடி கீழே லத்தீஃபாவின் சாப்பாட்டுக் கடைக்கு இறங்கினாள். ஆபீசில் பேனா காணாமல் போனாலும் முதல் புகார் லத்தீஃபாவுக்குத்தான் போகும். ஒரு தே தாரிக் தேநீரை ஆற்றி முடிப்பதற்குள் திருடனைப் பிடித்துவிடுவாள்.

"பாஸ்வர்ட் யாருகிட்டலாம் இருக்கு?"

"தீபாவளி நேரலைக்கு ஆபீசுல பாதிப் பேருக்கு, டிரைவருங்க வரைக்கும் கொடுத்தேன்க்கா. எல்லாரும் என் பேர்லதான் உள்ள போவாங்க. அப்புறம் மாத்தவே இல்ல."

"வீட்டுச் சாவிய பஸ் ஸ்டாண்டுல மாட்டி வச்சிருக்க நீ."

லத்தீஃபா பக்கத்தை மேலும் கீழும் தள்ளினாள். கொசு மருந்து அறிவிப்பில் நடுவில் தலைவர், ஓரத்தில் கொசு. தண்ணீர் தடையிலும் தலைவர் சிரிக்கிறார். இன்று காலைப் படத்தில் மட்டும் வெறும் சாலை. வெடித்த தார், சாய்ந்த தேயிலைச் செடிகள், ஓரத்தில் நின்ற காரின் கூரையில் உதிர்ந்த இலைகள், கீழ்மூலையில் ஒரு வைப்பர் நுனி.

11.40. லத்தீஃபா மாடியேறினாள்.

"இதப் போட்டது ஆபீசுல போஸ்டர் பண்றவங்க இல்ல தலைவரே. அவங்க கை தூக்கத்துலயும் உங்க மூஞ்சியத்தான் மொதல்ல ஒட்டும்."

யாரோ இருமினார்கள்.

"கார் கூரைமேல கெடக்குற இலை தெரியுது. வைப்பரும் தெரியுது. ஒசரமான சீட்டுல உக்காந்து, கண்ணாடி வழியா எடுத்த படம். காய்கறி லோரிக்காரங்ககிட்ட பாஸ்வர்ட் கெடையாது. விடியக்காலைல அந்தப் பக்கம் போற கழகத்து வண்டி குப்பை லோரி ஒண்ணுதான். அத ஓட்டுற குகனேஸ்வரனக் கூப்பிடுங்க."

குகனேஸ்வரன் கையுறையோடு வந்தார். மறுக்கவில்லை.

"மலை மூணு கையெழுத்துக்கு நிக்குமா சார்? தாரணிக்கு நல்ல பேரு கெடைக்கும்னு நெனச்சு நான் வாயத் தொறக்கல. இப்படி மாட்டிக்கும்னு தெரியாது."

"அண்ணே..." என்றாள் தாரணி. குப்பைக் கையுறையையே இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

தலைவர் ஜன்னலைப் பார்த்தார். கீழே தாய்மார், கழகத்துக்கு நன்றி சொல்லக் கூடை கூடையாகக் காய்கறியோடு நின்றார்கள்.

"இன்னும் எங்க வெடிச்சிருக்கு, குகன்?"

"ரெண்டு எடம் சந்தேகமா இருக்கு. லோரில ஏறுனா காட்டுறேன்."

"தாரணி, போனை எடுத்துக்க. பாத்ததும் நீயே போடு. என்னக் கேக்காத."

வாசலில் தாய்மார் தலைவரைக் கும்பிட்டார்கள். "எனக்கில்லம்மா, இவருக்கு" என்று அவர் குகனேஸ்வரனைக் காட்டினார். அடுத்த நிமிடம் அவர்கள் ஏற்றிய கூடைகளால் லோரியின் முன்பக்கம் பிரிஞ்சாங் காய்கறிச் சந்தையாகிவிட்டது. தேய்த்த சட்டையோடு தலைவர் நடுவில் நெருக்கி உட்கார்ந்து, மடியில் ஒரு முட்டைக்கோஸைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டார்.

"ஓட்டுங்க குகன்," என்றார். "மெதுவா."