கொப்பரைச் சங்கிலி

பெப்பி பைத்தியக்கார விடுதிக் கூடத்தின் சுவரை விட்டு நகரவில்லை. மூன்று மாதத்துக்கு முன்பு டாக்டர் எர்மெஸ் தன் கையாலேயே அவன் விலங்கைக் கழற்றினார். மறுவாரமே தோட்டத்தில் கோஸ் நட்டவன். இன்று விடிந்ததிலிருந்து இரண்டு மணிக்கட்டையும் தலைக்கு மேல் சேர்த்துவைத்து, சுவரோடு சுவராக உட்கார்ந்திருக்கிறான். கட்டு எதுவும் இல்லை. டாக்டரும் காவலாளும் சேர்ந்து இழுத்தும் கைகள் இறங்கவில்லை.

மத்தியானம் ஊதினே நகரத்திலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள். விலங்கில்லாமல் இவர்களை வைத்திருக்க முடியும் என்று காட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் நாற்பது பேருக்கும் பழையபடி இரும்புதான்.

பதினோரு மணிக்குள் பன்னிரண்டு பேர் அப்படி உட்கார்ந்துவிட்டார்கள். கூடத்தில் ஈரச் சுண்ணாம்பு வாசனைக்கு அடியில், ஆணியை வாயில் வைத்தது போல ஒரு துரு வாடை இருந்தது. அதைத் தொடர்ந்து டாக்டர் நடக்க நடக்க, விறகுப் புகைக்கும் சோளக்களியின் ஆவிக்கும் நடுவே அது கெட்டியாகி, சமையலறை அடுப்பின் முன் அவரைக் கொண்டுபோய் நிறுத்தியது. களிக் கொப்பரை தொங்கிய சங்கிலியை அவருக்குத் தெரியும். மேனியா என்ற நோயாளியைப் பத்தொன்பது வருஷம் சுவரில் கட்டியிருந்த சங்கிலி அது. அவர் கழற்ற வந்த நாளுக்கு முந்தின நாள் அதிலேயே செத்தாள். எல்லாச் சங்கிலியையும் ஆற்றில் போடச் சொல்லியிருந்தார்.

"இத யாரு மாட்டினது, அன்சுலா?"

சமையற்காரி துடுப்பை நிறுத்தவில்லை. "நாந்தான் டாக்டரே. பழசு இத்துப்போச்சு, நேத்துத்தான் மாத்துனேன். நல்ல இரும்ப ஆத்துல போட மனசு வரல."

"இறக்கு."

"எரியிற அடுப்பு மேல இருக்கிற சங்கிலிய யாராச்சும் இறக்குவாங்களா? வீட்டுக்கே ஆகாது. உங்கம்மா சொல்லித்தரலையா?"

சொல்லித்தந்திருக்கிறாள். அவர் கை தயங்கியது. பிறகு எட்டிப் பிடித்தார்.

கீழே நெருப்பு. சங்கிலி சில்லென்றிருந்தது.

கொக்கி கழன்றது. கொப்பரை கவிழ்ந்தது. அடுப்பு அணைந்தது.

அன்சுலா கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு நடந்தாள். டாக்டர் பின்னாலேயே போனார்.

நாற்பது பேரும். வரிசையாக. கைகள் மேலே. அன்சுலா அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டுகளை உயர்த்தினாள். பெப்பிக்கு அடுத்து ஓர் ஆள் இடம் காலி.

நேற்று அவரும் அந்தக் களியைத்தான் சாப்பிட்டார்.

முற்றத்தில் வண்டி நின்றது. மாடிப்படியில் காலடி. அவர் அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்தார். உட்கார நினைக்கவில்லை; கைகளும் தாமாக மேலே போயின.

மூத்த அதிகாரி வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தார். "பரவாயில்லையே, ரொம்ப அடக்கமா இருக்காங்க." பெப்பிக்கு அடுத்து நல்ல கோட்டுப் போட்டிருந்தவன் முன் குனிந்தார். "டாக்டர் எங்கப்பா?"

எர்மெஸ் வாயைத் திறந்தார். நாக்கெல்லாம் துரு.

அவர் தலைக்கு மேல், வெறும் சுவரில், சங்கிலி ஒருமுறை குலுங்கியது.