இரண்டு பயணிகள், ஒரு நாடி

அப்பா தினமும் காலையில் உட்கார்ந்தபடியே வாக்கிங் போவார். ஒன்பதாவது மாடியின் ஏறுவாசலில் குமிழி வண்டி வந்து ஒட்டி நிற்கும். கண்ணாடிக் கதவு விலகும். அப்பா ஏறி உட்கார்ந்து மணிக்கட்டில் பட்டையை மாட்டிக்கொள்வார். பட்டை நாடியைப் பார்க்கும், நாடி கிடைத்ததும் கதவு மூடும், பச்சை விளக்கு எரியும், குமிழி சுழல்பாதையில் வளைந்து வளைந்து இறங்கும். சதுப்பு நிலத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவரை மேலே கொண்டுவந்து விடும். "இன்னிக்கு ரொம்ப தூரம் நடந்துட்டேன் வசு, கால் விண்ணு விண்ணுன்னு வலிக்குது" என்று சொல்லிக்கொண்டே காபிக்கு உட்காருவார்.

உண்மையாக நடக்க வேண்டுமென்றால் எங்கள் வளாகத்தில் இடம் கிடையாது. வாசற்படி இல்லை, மாடிப்படி இல்லை, லிஃப்ட் இல்லை. மாடிக்கு நான்கு வீடு, நான்கு வீட்டுக்கும் ஒரே கூடம், கூடத்துக்கு ஒரே ஏறுவாசல். அந்தக் கண்ணாடிக் கதவு குமிழி வந்து நின்றால்தான் திறக்கும். சுழல்பாதையில் மனிதன் கால் வைப்பது தண்டனைக்குரிய குற்றம். தீப்பிடித்தால் என்ன செய்வது என்று கேட்டால், அதற்கும் குமிழிதான் என்று கட்டியவர்கள் சட்டத்திலேயே இடம் வாங்கி வைத்திருந்தார்கள்.

கார்முகில் மோட்டார்ஸ், கார் விற்று அலுத்துப்போய், இனி நகர்வைத்தான் விற்கப்போகிறோம் என்று கிளம்பிய காலத்தில் கட்டியது இது. நாங்களும் இருந்த காரை விற்றுவிட்டு இங்கே வீடு வாங்கினோம். வீடு காட்டிய நாளில் வந்திருந்தவர்கள் கேட்காத கேள்வி இல்லை. தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், ஈசானிய மூலையில் என்ன இருக்கிறது, கோலம் எங்கே போடுவது. கோலத்துக்குக்கூடக் கூடத்துத் தரையில் ஒளிக்கட்டம் பதித்துக் காட்டினார்கள்.

அப்பா ஒருவர்தான் கையைத் தூக்கி, "நான் செத்தா என்னை எப்படி வெளிய எடுப்பீங்க?" என்று கேட்டார்.

ஒரு பெண்மணி "சிவ சிவா" என்று காதைப் பொத்திக்கொண்டார். அப்பா நாற்பது வருடம் ஆயுள் காப்பீட்டு ஏஜெண்டாக இருந்தவர். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தோளில் கைபோட்டு, "நாளைக்கே உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா" என்று ஆரம்பிக்கிற பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. எனக்கு மானம் போனது. "நல்ல காரியத்துக்கு வந்த இடத்துல என்னப்பா பேச்சு இது?" என்று அவர் கையை இழுத்து இறக்கினேன். கம்பெனி ஆள் சிரித்துக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். அங்கிருந்த இருநூறு குடும்பமும் அபசகுனத்துக்குப் பயந்து அந்தக் கேள்வியை விட்டுவிட்டோம்.

குமிழியில் அப்பாவுக்குப் பிடிக்காதது அந்தப் பட்டைதான். நாடி சீராக இருந்தால்தான் வண்டி நகரும். ஒருமுறை நானும் என் கணவர் இளம்பரிதியும் சண்டை போட்டுவிட்டு ஏறினோம். "பயணியின் நாடி சீராக இல்லை. ஆழ்ந்து மூச்சு விடவும்" என்று செண்பகம் கெஞ்சிக்கொண்டே இருந்தாள். செண்பகம் என்பது குமிழியின் குரல். கோபம் தணியும் வரை நானும் அவரும் மூடிய முட்டைக்குள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு அப்பா சொன்னார்: "இந்த வண்டியில சிரிக்கக் கூடாது, அழக் கூடாது, பொணம் மாதிரி உக்காரணும். ஆனா பொணமா மட்டும் இருக்கக் கூடாது."

குடிவந்து இரண்டாவது ஆடி பிறப்பதற்குள் கம்பெனிக்கு நகர்வும் அலுத்துவிட்டது. எல்லாருடைய கைத்திரையிலும் ஒரு செய்தி வந்தது. நகர்வுச் சேவையிலிருந்து விடைபெறுகிறோம், எங்கள் உயிர்மூச்சான கார் தயாரிப்பில் இனி முழுக் கவனம் செலுத்துவோம், இத்தனை நாள் உடன் வந்தமைக்கு நன்றி. முதலில் சரக்குக் குமிழியை நிறுத்தினார்கள். அடுத்தது மருத்துவக் குமிழி. பிறகு வெளியாட்களை ஏற்றுவதை. பயணிக் குமிழி மட்டும் மாதக் கடைசி வரை ஓடும், அதன் பிறகு மாற்று ஏற்பாடு பற்றி மாநகராட்சி அறிவிக்கும் என்றார்கள். மாநகராட்சி வாயைத் திறக்கவில்லை. வீட்டை விற்றுவிட்டுப் போகலாமென்றால் வாங்க எவன் வருவான்? வந்தாலும் எப்படி மேலே ஏறுவான்?

அந்த வியாழக்கிழமை நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வாக்கிங் கிளம்பிப் போனார். கூடத்திலிருந்து செண்பகத்தின் குரல் கேட்டது.

"பயணியின் நாடி கிடைக்கவில்லை. பட்டையைச் சரிசெய்யவும்."

பட்டையைத் தளர்வாக மாட்டியிருப்பார் என்று நினைத்தேன். அவள் மறுபடியும் சொன்னாள். மூன்றாவது முறையும் அதே குரல், அதே பணிவு. கரண்டியோடு ஓடினேன். நாடி கிடைக்காததால் கதவு மூடாமலே நின்றது. அப்பா பட்டையைச் சரியாகத்தான் மாட்டியிருந்தார். தலை மட்டும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அப்பாவின் சாவை எனக்கு ஒரு வண்டி சொன்னது. இன்றுவரை அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அப்பாவைக் கூடத்தில் இறக்கிப் படுக்க வைத்தோம். குமிழி தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விட்டது. டாக்டர் திரையில் பார்த்து உறுதி செய்தார். இளம்பரிதி கம்பெனியை அழைத்தார். எடுத்ததும் செண்பகம்தான்.

"ஆழ்ந்த இரங்கல்கள். இறந்தவர்கள் பயணிகள் வகையில் வரமாட்டார்கள். அவர்கள் சரக்கு வகை. சரக்குச் சேவை சென்ற மாதத்தோடு நிறைவடைந்தது."

"அப்ப நாங்க என்னம்மா செய்யறது?"

"உங்கள் கருத்தைப் பதிவு செய்துகொண்டேன்."

தீயணைப்புத் துறையில், ஏணி வண்டி கம்பெனி நிலத்துக்குள் வர கம்பெனி அனுமதி வேண்டும், உயிருக்கு ஆபத்து என்றால் உடனே வருவோம் என்றார்கள். உயிர் போனதுக்குத்தான் கூப்பிடுகிறோம் என்று எப்படிச் சொல்வது? வெளியாட்களுக்குக் குமிழி கிடையாது என்பதால், கீழே நுழைவாயிலிலேயே என் அண்ணன் சற்குணம் சொந்தபந்தங்களோடு நின்றுகொண்டிருந்தான். சொர்க்க ரதம் வந்தாகிவிட்டது, ஐஸ் பெட்டியும் வந்தாகிவிட்டது. இரண்டும் மேலே வர வழி இல்லை.

"வசு, வெயில் ஏறுதுடி," என்றான் போனில். "எப்படியாவது அப்பாவைக் கீழ கொண்டு வந்துருங்க. நான் மூஞ்சியாவது பாக்கணும்."

எதிர்வீட்டு தேவசகாயம் சார் வந்தார். குடியிருப்போர் சங்கச் செயலாளர். அவரும் இளம்பரிதியும் அப்பாவைக் குளிப்பாட்டிப் புது வேட்டி கட்டினார்கள். நெற்றியில் திருநீறு பூசினேன். கூடத்தில் காற்றோட்டம் கிடையாது, எல்லாம் கண்ணாடி. ஆவணி வெயில் அதற்குள் நின்று கொதித்தது. மதியம் வரைக்கும்கூடத் தாங்காது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"ஒண்ணு பண்ணலாமா சார்?" என்றார் தேவசகாயம். "அய்யாவைப் பக்கத்துல உக்கார வெச்சுக்குங்க. ரெண்டு பட்டையையும் நீங்களே ரெண்டு கையிலயும் மாட்டிக்குங்க. அதுக்கு என்ன தெரியப்போவுது?"

குமிழியை வரவழைத்தோம். அப்பாவைத் தூக்கி உட்காரவைத்து, சாயாமல் இருக்கத் தலையணை கொடுத்தோம். இளம்பரிதி அவரை அணைத்துப் பிடித்துக்கொண்டு இரண்டு பட்டைகளையும் மாட்டினார். சிவப்பு விளக்கு யோசித்தது. எனக்கு ஒரு கணம் நம்பிக்கைகூட வந்தது. கதவு மட்டும் மூடவில்லை.

"இரண்டு பயணிகள், ஒரு நாடி," என்றாள் செண்பகம். "இரண்டாம் பயணி பட்டையைச் சரிசெய்யவும்."

இளம்பரிதி அழுதுவிட்டார். மாமனாரை அணைத்துக்கொண்டு, ஒரு வண்டியிடம், "ப்ளீஸ்மா, கொஞ்சம் போ, கீழ வரைக்கும்தான்" என்று கெஞ்சினார்.

அப்போதுதான் குமிழியின் அந்தப் பக்கக் கதவுக்கு மேலே இருந்த சிவப்புக் கைப்பிடியைப் பார்த்தேன். ஆபத்துக்கு மட்டும் என்று எழுதியிருந்தது. அதை இழுத்தால் பாதைப் பக்கக் கதவு திறக்கும். ஏறுவாசல் வழியாகக் குமிழிக்குள் புகுந்து, அந்தக் கதவு வழியாகப் பாதையில் இறங்கிவிடலாம்.

"அது வேணாம் வசுமதிம்மா," என்றார் தேவசகாயம். நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார். "பாதையில ஆள் இருக்குன்னு தெரிஞ்சா எல்லாக் குமிழியும் நின்னுரும். காலை நேரம். இஸ்கூல் பிள்ளைங்க, ஆபீஸ்காரங்க, எல்லாரும் உள்ளயே மாட்டிக்குவாங்க. நடுவழியில கதவு தெறக்காது. நாம கீழ போய்ச் சேர்ற வரைக்கும் இந்த வெயில்ல..."

"குளிர்சாதனம் ஓடுமில்ல சார்?"

"ஓடும். ஆனாலும்..."

"எங்க அப்பாவுக்கு அது இல்ல சார்," என்றேன்.

அவர் போய்த் தன் வீட்டு அலமாரிக் கதவைக் கழற்றிக்கொண்டு வந்தார். மூங்கிலுக்கு எங்கே போவது? அதுதான் பாடை. மூன்றாம் வீட்டில் வாடகைக்கு இருந்த அண்ணன் தம்பி இருவரும் தோள் கொடுக்க வந்தார்கள். நாள் தவறாமல் ஒரே கூடத்தில் குமிழிக்காகக் காத்து நின்றவர்கள். அவர்கள் பெயரைக்கூட நான் அதுவரை கேட்டதில்லை.

கைப்பிடியை நான்தான் இழுத்தேன்.

ஊதல் ஒலி கட்டடம் முழுக்க எழுந்தது. பாதையில் முதன்முதலாகக் கால் வைத்தேன். சொரசொரப்பான, சூடான சிமெண்ட். செருப்பு போடாமல் வந்துவிட்டேன். ஒரு பக்கம் உயரமான சுவர், மறுபக்கம் கண்ணாடி. அப்பா தினமும் நடந்ததாகச் சொன்ன வழியில் அப்பாவைத் தூக்கிக்கொண்டு நால்வரும் இறங்கினார்கள். எங்கள் வழக்கத்தில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். எங்கள் தெருமுனை தரையில் இருந்தது. அதனால் நானும் நடந்தேன்.

ஒவ்வொரு வளைவிலும் குமிழிகள் உறைந்து நின்றன. முதல் குமிழிக்குள் இருந்த ஒருவர் எங்களைப் பார்த்துக் கத்தினார். குரல் வெளியே வரவில்லை, வாய் மட்டும் அசைந்தது. பலகை அருகில் வந்ததும் அந்த வாய் நின்றது. அவர் சட்டென்று கைகூப்பினார். அடுத்த குமிழியில் சீருடை அணிந்த குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

ஏறுவாசல்களில்தான் என்னால் பார்க்க முடியவில்லை. ஊதல் கேட்டு மாடிக்கு மாடி எல்லாரும் கூடத்துக்கு வந்துவிட்டார்கள். வெளியே குமிழி இல்லை, கதவு திறக்காது. ஆறாவது மாடியில் ஒரு பெண்மணி கண்ணாடியை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே இருந்தார். அன்று "சிவ சிவா" என்று காதைப் பொத்தியவர். இன்று அழுதுகொண்டே தட்டினார். அவர் வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார் இருக்கிறார் என்று தேவசகாயம் மெதுவாகச் சொன்னார். அவர் அழுதது அப்பாவுக்காக மட்டும் இல்லை என்று புரிந்தது.

கீழே அண்ணன் ஓடி வந்து பலகையைப் பிடித்துக்கொண்டான். அப்பாவின் முகத்தைப் பார்த்து அழுதான். சொர்க்க ரதத்தில் ஏற்றினார்கள். சங்கு ஊதியது. என் கணவரும் மற்ற மூவரும் கூடவே ஏறினார்கள். வண்டி கிளம்பி, நுழைவாயிலைத் தாண்டி, சாதாரணத் தெருவில், சாதாரண வண்டிகளோடு கலந்து போனது. கம்பெனியை நம்பாமல் அப்பா வெளியே போய்விட்டார்.

நான் போக முடியாது. ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்புவதற்குள் வீட்டைக் கழுவி, அப்பா படுத்திருந்த இடத்தில் விளக்கேற்ற வேண்டும். செய்ய என்னைத் தவிர ஆள் இல்லை. சுழல்பாதையை நோக்கி நடந்தேன். காவலாளி குறுக்கே கை நீட்டினார்.

"ஏற்கெனவே உங்க மேல கேஸ் போட்டாச்சும்மா. மறுபடி கால வெச்சீங்கன்னா எல்லாம் திரும்பவும் நிக்கும். பாவம், பிள்ளைங்க இப்பதான் நகருது. வண்டியில போங்க."

பிள்ளைகள் என்றதும் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டேன். குமிழி வந்தது. ஏறினேன். இருக்கையின் ஓரத்தில் திருநீறு உதிர்ந்து கிடந்தது. அதே குமிழிதான். அதைப் பார்த்ததும், காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் ஒரேயடியாகப் பொங்கியது. பட்டையை மாட்டியதும் கதவு மூடிக்கொண்டது, வாய்விட்டு அழுதேன்.

"பயணியின் நாடி சீராக இல்லை," என்றாள் செண்பகம். "ஆழ்ந்து மூச்சு விடவும்."

இறங்கிவிடலாம் என்று கதவைத் தள்ளினேன். பயணம் முடியாமல் திறக்காது. பயணமோ தொடங்கவில்லை. மேலே போனால் விளக்கேற்றலாம், அங்கே உட்கார்ந்து ஊரறிய அழலாம். ஆனால் அழுகை நின்றால்தான் மேலே போக முடியும்.

"பயணியின் நாடி சீராக இல்லை."

"எங்க அப்பா செத்துட்டாரு," என்றேன் அவளிடம்.

"ஆழ்ந்து மூச்சு விடவும்."

முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். அப்பா சாய்ந்திருந்த பக்கமே நானும் சாய்ந்தேன். கையையும் காலையும் தளரவிட்டு, கண்ணை மூடி, மூச்சை மெல்ல மெல்ல அடக்கி, பிணம் மாதிரி உட்கார்ந்தேன்.

பச்சை விளக்கு எரிந்தது.

"நன்றி," என்றாள் செண்பகம். "பயணம் தொடங்குகிறது."