மேலிருந்து பதினேழு

மாற்றல் முடிந்து இழுவைப்பொறிகள் விலகியதும் செல்லக்கனி வாசல் கதவைத் திறந்தாள். எதிரே வெறும் கடல். ஓர் அலை வந்து அவள் செருப்பை நனைத்துவிட்டுப் போயிற்று.

"மறுபடியும் கிழக்கோரம்தானா?" என்று கடலிடமே கேட்டாள். வேறு யாரிடம் கேட்பாள், அங்கே வேறு யார் இருந்தார்கள்?

பழைய தூத்துக்குடி தண்ணீருக்குள் போனபின் எழுந்த மிதவூர் அது. வீட்டுக்கு ஒரு மிதவைத் தட்டு. பதினேழு வரிசை, வரிசைக்குப் பதினேழு தட்டு. யார் எங்கே இருப்பது என்று மனிதர்கள் அடித்துக்கொள்ள வேண்டாமென்று அதை ஓர் ஆட்டத்திடம் விட்டுவிட்டார்கள். அலையாட்டம் என்று பெயர். அதன் வரைபடத்தில் ஒரு சதுரம் நகர்ந்தால் கடலில் ஒரு தட்டு நகரும். மாதந்தோறும் ஆட்டம் ஊரைக் குலுக்கிப் போடும். இந்த மாதம் ஓரத்தில் அலையடி வாங்குகிறவன் அடுத்த மாதம் நடுவில் காலை நீட்டிப் படுக்கலாம். அவரவர் கைக்கருவியில் அவர் நிற்கும் சதுரமும் சுற்றியுள்ள எட்டும்தான் கூரைப்படமாகத் தெரியும். முழுப்படத்தை யாரும் பார்த்ததில்லை. பகையாளி எங்கே இருக்கிறான் என்று தெரியாமலிருந்தால் ஊர் நிம்மதியாக இருக்கும் அல்லவா?

குலுக்கலாம் குலுக்கல். பதினோரு வருஷமாகச் செல்லக்கனிக்கு மட்டும் கிழக்கோரமே விழுந்தது. ஒரு புயலில் அந்த வாசலில் வைத்தே அவள் புருஷன் லிங்கத்தைக் கடல் கொண்டுபோனது. வேறொருத்தியாக இருந்தால் தலையெழுத்து என்று அழுதுவிட்டு இருந்திருப்பாள். இவள் அந்த ஆட்டத்தை எழுதியவள். இவளும் கிருபாகரனும் சேர்ந்து எழுதினார்கள். வேலை முடிந்ததும் இவள் பெயரை அழித்துவிட்டு அவன் மட்டும் மேடையேறி மாலை வாங்கிக்கொண்டான். இவள் நாலு பேர் முன்னால் நியாயம் கேட்டாள். அதற்கடுத்த மாதத்திலிருந்துதான் இந்த ஓரம்.

அவனோடு போட்ட சண்டைகளில் அவள் ஜெயித்தது ஒன்றே ஒன்று. ஆட்டத்துக்குக் கட்டளையை வாயால் சொல்ல வேண்டும், அதுவும் நம் கடற்கரைப் பேச்சில் என்று ஒற்றைக் காலில் நின்றாள். "வலை இழுக்கிற மனுசன் வந்து ஒங்கிட்ட இலக்கணமாப் பேசுவானா?" என்று கேட்டு அவன் மூக்கை உடைத்தாள். மூன்று வருஷம் படகு படகாக ஏறி இறங்கி, மீனவர் வாயிலிருந்து சொல் சொல்லாகப் பொறுக்கி ஆட்டத்தின் காதைப் பழக்கினாள்.

"எக்கா, இந்தாங்க கடைசிச் சுத்து. மேலக்கரையில தண்ணி இறக்கிட்டு நேரா இங்கதான் வாரேன்." குடிதண்ணீர்ப் படகுக்காரி சகாயராணி கைக்கருவியை நீட்டினாள். ஊரெல்லாம் சுற்றுகிறவள் அவள் ஒருத்திதான். அவள் படகு நிற்கும் இடமெல்லாம் ஒன்பது சதுரம் அந்தக் கருவியில் வந்து விழும்.

செல்லக்கனி தன் தையல் நிரலை ஓட்டினாள். இரண்டு முறை வந்த சதுரங்களை நிரல் கழித்தது. அண்டை வீடு எது என்று பார்த்து ஒவ்வொன்றாக ஓரத்தோடு ஓரம் வைத்துத் தைத்தது. சுவர் முழுக்க ஊர் விரிந்தது; படத்தின் உச்சி வடக்கு.

அவள் வீடு நாலாவது வரிசையில் வலது கோடி, பதினேழாவது சதுரம். கிருபாகரனைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. கூரையில் தன் பெயரை ஆளுயரத்துக்கு எழுதி வைத்திருந்தான். பதினேழாவது வரிசையில் நாலாவது சதுரம், அலைத்தடுப்புச் சுவரின் அணைப்பில். இதேபோல் தைத்து வைத்திருந்த முந்தின இரண்டு மாதங்களின் படங்களையும் பக்கத்தில் போட்டாள். ஊரே இடம் மாறியிருந்தது. இரண்டு சதுரம் மட்டும் அசையவில்லை.

"படுபாவி," என்றாள் சகாயராணி. "இத ஊர்க்கூட்டத்துல போடுங்கக்கா. அவன் வாயத் தொறக்க முடியாது."

"கூட்டத்துல என்ன செய்வாவ? மன்னிப்புக் கேளும்பாவ. அவன் கண்ணக் கசக்குவான். பாவம், போட்டும்னு நாலு பேரு சொல்லுவாவ. எனக்கு அவன் அலையில நிக்கணும். அவன் வாசல்ல கடல் ஏறணும்."

"அப்ப எனக்கு ஒரு பிரதி குடுங்க. நான் கொண்டுபோறேன்."

"தாரேன், தாரேன். மொதல்ல இது முடியட்டும்."

சகாயராணிக்கு மனசு சரியில்லை. படகுக்கு இறங்கிப் போனாள்.

ஆளுக்கு ஆயுளில் ஒரே ஒரு கழற்றல் உரிமை உண்டு. பக்கத்துத் தட்டு தீப்பிடித்தால் ஊரைக் காப்பாற்ற அதை வெட்டிவிடுவதற்காக வைத்தது. இடத்தைச் சொன்னால் போதும், இழுவைப்பொறிகள் அதை வெளிக்கடலில் கொண்டுபோய் விட்டுவிடும். கழற்றியதைத் திரும்பக் கோர்க்க வழி கிடையாது.

செல்லக்கனி சுவரைப் பார்த்து விரல் வைத்து எண்ணினாள். அவளுக்கு வயிறு குளிர்ந்தது. வாய் நிறையச் சொன்னாள்: "கழத்து. மேல இருந்து பதினேழு, குறுக்க நாலு."

"மேல இருந்து பதினேழு, குறுக்க நாலு. சரிதானாக்கா?" என்றது ஆட்டம்.

"சரிதான்."

காலடியில் ஏதோ வெடித்த சத்தம். தரை ஆடியது. பாத்திரங்கள் உருண்டன. ஊர் மின்கம்பி அறுந்து விளக்கணைந்தது. சுவரிலிருந்த படமும் அதோடு போயிற்று. எங்கே தப்பு? எண்ணிக்கை சரி, இடமும் சரி. ஒன்றும் புரியாமல் வாசலுக்கு ஓடினாள். வீட்டுக்கும் ஊருக்கும் நடுவே தண்ணீர் அகன்றுகொண்டிருந்தது.

"எக்கா, மேல வாங்க, மேல!" சகாயராணி படகிலிருந்து கத்தினாள்.

செல்லக்கனி அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். பிறகு சகாயராணியின் கையைப் பார்த்தாள். அது மேற்கைக் காட்டியது.

மேல் என்றால் மேற்கு. கீழ் என்றால் கிழக்கு. மேலத்தெரு, கீழத்தெரு என்று பேசும் ஊரின் காதை ஆட்டத்துக்கு அவளே கொடுத்திருந்தாள். அது மேற்கிலிருந்து பதினேழு எண்ணி, குறுக்கே வடக்கிலிருந்து நாலு எண்ணிச் சரியாக அவள் வீட்டில் வந்து நின்றது. தன் தட்டைத் தானே ஒருத்தி கழற்றுவாள் என்று எழுதியவளுக்குத் தோன்றவில்லை; அதனால் ஆட்டம் அதைத் தடுக்கவுமில்லை.

"நிறுத்து," என்றாள். "கெழக்க போகாத, நிறுத்து." கழற்றிய தட்டின் குரலை ஆட்டம் கேட்காது. அந்த விதியும் அவள் எழுதியதுதான்.

தண்ணீர்ப் படகால் இழுவைப்பொறிகளை எட்டிப் பிடிக்க முடியவில்லை. சகாயராணியின் கை இன்னும் மேற்கைக் காட்டிக்கொண்டிருந்தது. ஊர் மேலே நின்றது. செல்லக்கனி கீழே, இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தாள்.