படையலில் வைத்த மாஸ்க்

என் மனைவி நாகமணியின் பதினாறாம் நாள் படையலுக்கு அவள் தம்பி செல்லையா தஞ்சோங் காராங்கிலிருந்து வந்து இறங்கினான். தோட்டத்து லயத்து வீட்டு வரிசையில் எங்கள் வீடுதான் கடைசி. பின்னால் செம்பனை மரங்கள். அந்தப் பக்கம் பகலிலேயே இருட்டிக் கிடக்கும்.

செத்தவருக்கு வேண்டியதையெல்லாம் படைக்க வேண்டும். பொரித்த மீன், கோப்பி, வெற்றிலை வைத்தோம். ஆஸ்பத்திரிப் பையில் கிடந்த, ஆவி மருந்து இழுக்கும் மாஸ்க்கையும் நான் எடுத்து வைத்தேன்.

"இதையுமா மச்சான்? மேல போயும் அக்கா கேஸ் பிடிக்கணுமா லா?"

சொல்லிவிட்டு செல்லையா தலையைக் குனிந்துகொண்டான்.

சுங்கை புரோங் பக்கம் வயலில் வைக்கோல் எரித்த அன்றுதான், இழுப்பு நோய்க்காரியான அவளுக்குப் புகையில் மூச்சு முட்டியது. அவசரப் பிரிவில் ஆக்சிஜனோடு மருந்தையும் ஆவியாக்கி மாஸ்க்கில் விட்டார்கள். வெள்ளையாகக் கிளம்பியதைப் புகை என்று நினைத்துப் பிடுங்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"புகை இல்லங்க. இதுலதான் மூச்சு வருது."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

செல்லையா சாம்பிராணி போட்டான். புகை அறையை நிறைத்தது. அவள் வந்து சாப்பிடட்டும் என்று வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம்.

உள்ளே யாரோ இருமினார்கள்.

பிறகு அந்த இழுப்பு. சீழ்க்கை மாதிரி மெலிந்து, நீண்டு, பாதியில் அறுந்தது. இத்தனை வருஷமும் என் பக்கத்தில் படுத்திருந்த சத்தம்.

"அக்கா." செல்லையாவின் உதடு மட்டும் அசைந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. புகையால் போனவளைக் கூப்பிட்டு, புகைக்குள்ளேயே வைத்துச் சாத்தியிருக்கிறோம்.

கதவைத் தள்ளினேன். சன்னலைத் திறந்தேன். கைக்கு அகப்பட்டது அவள் கோப்பிதான். அதைச் சாம்பிராணிச் சட்டியில் ஊற்றினேன். கரி சீறி அணைந்தது.

இழுப்பு நிற்கவில்லை. அவள் படத்துக்கு முன்னால், தரையோடு கேட்டது.

மாஸ்க்கை எடுத்தேன். குழாய் எதிலும் மாட்டாமல் தொங்கியது. மண்டியிட்டு, சத்தம் வந்த இடத்தில், வெறும் காற்றில் பிடித்தேன்.

"மெதுவா இழு மணி. மெதுவா."

மாஸ்க்கின் உள்ளே ஆவி படிந்தது.

மறைந்தது.

மறுபடி படிந்தது.

என் கை மரத்துப்போகும்வரை பிடித்திருந்தேன். இழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து அடங்கியது. அன்று ஆஸ்பத்திரியில் அது இப்படித் தணியவில்லை.

மாஸ்க்கை அவள் படத்துப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருக்கிறேன். வீட்டில் கொசுவர்த்திகூட ஏற்றுவதில்லை.

போன வாரம் செல்லையா வந்தான். மறந்துபோய் வாசலில் நின்று சிகரெட் பற்ற வைத்தான்.

உள்ளே இருமினாள்.