இருபத்தோரு டிகிரி எலி

ஏழாம் நம்பர் எலி கூண்டுக்குள் செத்துக் கிடந்தது!

பக்கவாதத்திலிருந்து புது மருந்தால் பிழைத்தது என்று ஆராய்ச்சித் தலைவர் எல்லோரிடமும் மார்தட்டிக்கொண்ட அதே எலி.

ஸ்கேன் ஆபரேட்டர் கடிகாரத்தைப் பார்த்தாள். அதே மருந்தைத்தான் இன்று பத்து மணிக்கு, பக்கத்துக் கட்டடத்தில் பக்கவாதத்தில் கிடக்கும் அவள் அக்காவுக்கு ஏற்றப் போகிறார்கள். மனிதர்களில் முதல் ஆள்!

மணி ஒன்பது இருபது.

"கடைசியா இங்க யார் வந்தது, மாமா?"

மாமாதான் அந்த ஆராய்ச்சித் தலைவர். அக்கா புருஷன்.

"மிருக டாக்டர்தான். அவன் முழியே சரியில்ல. ஏதாவது ஊசி போட்டுக் கொன்னிருப்பான்! மருந்துல தப்பில்லம்மா... நேத்து இந்த எலிய நானே எடுத்த ஸ்கேனைப் பாரேன்."

பார்த்தாள்.

மூளையின் ஒவ்வொரு ரசாயனத்துக்கும் திரையில் ஒரு சிகரம். எல்லாம் கனகச்சிதம்.

அந்தக் கச்சிதம்தான் உறுத்தியது!

தண்ணீரின் சிகரம் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றது. உள்ளே எவ்வளவு சூடு என்று அது சொல்லிவிடும். கணக்குப் போட்டாள்.

இருபத்தோரு டிகிரி!

"உயிரோட இருக்கற எலிக்கு முப்பத்தேழு இருக்கணுமே, மாமா?"

"மெஷின் கோளாறா இருக்கும்."

"அது செத்துதாம்மா இருந்துச்சு!"

வாசலில் மிருக டாக்டர்.

"முந்தாநாளே போயிடுச்சு. சார் ஃப்ரீசர்ல ஒளிச்சு வெச்சாரு. உங்க கண்ணுல படட்டும்னு நான்தான் எடுத்துக் கூண்டுல போட்டேன்."

"செத்த மூளைன்னா லாக்டிக் அமிலம் எகிறியிருக்குமே! இந்த ஸ்கேன்ல ஏறவே இல்லையே! அப்ப இது..."

அவள் பார்வை மேஜைக்குப் போனது. மெஷின் சரியாக இருக்கிறதா என்று தினமும் சோதிக்கும் பாட்டில். உள்ளே மூளையின் அதே ரசாயனங்கள், அதே அளவில். ஏ.சி. அறையின் இருபத்தோரு டிகிரியில்!

"பாட்டிலையா ஸ்கேன் பண்ணீங்க? அக்கா உயிரு, மாமா!"

"பதினாலு வருஷ உழைப்பு!" மாமா கடிகாரத்தைப் பார்த்தார். "இனிமே பேசி பிரயோஜனமில்ல. ஊசிய ஒன்பதரைக்கே மாத்திட்டேன்."

ஒன்பது இருபத்தொன்பது!

வார்டுக்கு போன் அடித்தாள். ஒரு ரிங்... இரண்டு... மூன்று...

"சொல்லுங்க" என்றாள் நர்ஸ். "ஊசி கையிலதான் இருக்கு. சீக்கிரம்!"

"கீழ வைங்க! போடாதீங்க! மருந்து பொய்!"

நர்ஸ் ஊசியைத் தட்டில் போடும் சத்தம் கேட்டது.

அவளுக்கு அழுகை பீறிட்டது. மிருக டாக்டர் கதவை மறித்து நின்றபடியே போலீஸை அழைத்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமாவைப் பார்த்தாள்.

"உங்க வைத்தியத்துல பாட்டில் நல்லா குணமாயிடுச்சு, மாமா... அக்காவை நாங்க வேற டாக்டர்கிட்ட காட்டிக்கறோம்!"