ஒரு வாய், இரண்டு வாக்குறுதி

தேர்தல் நேரத்தில் அதிகமாகச் சிரிக்கிறவர்களைக் கொஞ்சம் கவனித்துத்தான் பார்க்க வேண்டும். கோபிஷா கவனித்தாள். அவளுக்கு வயது பத்து.

அவள் வீடு சுவிட்சர்லாந்தில், வில் என்ற ஊரில் இருந்தது. அப்பா இராஜேந்திரனுக்குப் பாண் என்கிற ரொட்டி சுடும் தொழிற்சாலையில் வேலை. அம்மா மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்தார். இருவரும் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் ஜெர்மன் மொழியில் பின்னக் கணக்குச் சொல்லித் தரச் சொன்னால், இரண்டு பேருக்கும் உடனே சமையலறையில் வேலை வந்துவிடும்.

அதனால் செவ்வாயும் வியாழனும் பள்ளி முடிந்ததும் கோபிஷா வீட்டுப்பாட அறைக்குப் போவாள். அங்கே ஓர் ஆசிரியை விளங்காததை விளங்கும்வரை சொல்லித் தருவார்.

இப்போது அந்த அறைக்கே ஆபத்து. பள்ளிக்கூடச் சபையில் பாதிப் பேர் அறை வேண்டும் என்றார்கள். பாதிப் பேர் மூடலாம் என்றார்கள். சபையில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதற்கு ஊர் மக்கள் யாரைத் தேர்ந்தெடுக்கிறார்களோ, அவர் கையில்தான் முடிவு.

போட்டியிட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் தயாபரன், காப்புறுதி முகவர். மற்றவர் ஃபிரௌ கெல்லர், அதாவது திருமதி கெல்லர், பேருந்து ஓட்டுகிற சுவிஸ் பெண்.

அப்பாவுக்குச் சுவிஸ் குடியுரிமை கிடைத்திருந்ததால் வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வந்தது. அப்பா அந்தப் பெரிய கவரைத் திறக்கவே இல்லை. நேரே கொண்டுபோய் யோகராஜாவிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

யோகராஜா அந்த ஊருக்கு முதலில் வந்த தமிழர்களில் ஒருவர். விசாப் படிவமோ, வரிப் படிவமோ, எது வந்தாலும் எல்லாரும் அவரிடம்தான் ஓடுவார்கள். அவரும் முகம் சுளிக்காமல் நிரப்பிக் கொடுப்பார். இதுவும் ஒரு படிவம் என்றே எல்லாரும் நினைத்துவிட்டார்கள். அவருடைய மேசையில் இருபத்தேழு கவர்கள் சேர்ந்துவிட்டன.

“அப்பா, ஆருக்குப் போடுறியள்?” என்று கேட்டாள் கோபிஷா.

“யோகராஜா அண்ணை தயாபரனுக்கு எழுதுவார். எங்கட ஆள் எல்லோ!”

“அவர் எங்கட பள்ளிக்கூடத்துக்கு ஒருநாளாவது வந்தவரோ?”

“உது எனக்கெப்பிடித் தெரியும்?”

“தெரியாட்டிக் கேப்பம்.”

“ஆரிட்டை?”

“அவரிட்டையே!”

சனிக்கிழமை காலை இருவரும் கடைத்தெருவுக்குப் போனார்கள். இரண்டு வேட்பாளர்களும் அங்கே மேசை போட்டிருந்தார்கள். தயாபரனின் மேசையில் பலூனும் பழச்சாறும் இருந்தன. ஃபிரௌ கெல்லரின் மேசையில் ஒரு கட்டுக் காகிதம். அது பறக்காமல் இருக்க மேலே ஒரு கல். அவ்வளவுதான்.

“வாங்கோ அண்ணை! வா பிள்ளை, ஜூஸ் குடி!” என்று தயாபரன் வாய் நிறையச் சிரித்து, இருவருக்கும் பழச்சாறு கொடுத்தார்.

“மாமா, நீங்கள் வந்தால் வீட்டுப்பாட அறையை என்ன செய்வியள்?”

“அதை மூட விடுவனோ? இன்னும் ஒண்டு திறப்பன் பிள்ளை!”

அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

அந்த நேரம் நாயோடு வந்த ஒரு சுவிஸ் பெரியவர் அதே கேள்வியைக் கேட்டார். தயாபரன் அதே சிரிப்போடு ஜெர்மனில் சொன்னார்: “அது வீண் செலவு. நான் வந்தால் முதல் வேலையாக அதை மூடுவேன்.”

அப்பா இன்னும் சிரித்துக்கொண்டே நின்றார். அவருக்கு அதில் பாதிகூட விளங்கவில்லை.

டாக்டரிடம் போனாலும், வங்கிக்குப் போனாலும் அப்பாவுக்கு மொழிபெயர்ப்பது கோபிஷாதான். அதே வழக்கத்தில் இப்போதும் மொழிபெயர்த்தாள்.

“அப்பா, மாமா அந்தத் தாத்தாவுக்குச் சொல்லுறார், அறை வீண் செலவாம். முதல் வேலையா மூடுவாராம்.”

பிறகு பெரியவரிடம் திரும்பி ஜெர்மனில் சொன்னாள்: “எங்களிடம் இவர் இன்னோர் அறை திறப்பதாகச் சொன்னார்.”

பெரியவர் புருவத்தை உயர்த்தினார். “இதில் எது உண்மை?”

தயாபரனின் சிரிப்பு காணாமல் போனது. “பிள்ளைக்குப் பிழையா விளங்கிப்போச்சு அண்ணை,” என்றார் அப்பாவிடம்.

“என்ர நெஞ்சு நோவையே டாக்டருக்குப் பிழையில்லாமல் சொன்ன பிள்ளை தம்பி அது,” என்றார் அப்பா. பழச்சாற்றை மேசையிலேயே வைத்துவிட்டார்.

அடுத்து ஃபிரௌ கெல்லரிடம் போனார்கள். கோபிஷா ஜெர்மனில் அதே கேள்வியைக் கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. “அறை வேண்டும். மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தேன்,” என்றார்.

கோபிஷா சும்மா நம்பிவிடவில்லை. அந்த மாதம் அவள் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்திருந்தாள். “அங்கே எத்தனை மேசை?” என்று கேட்டாள்.

“ஒன்பது. ஒன்று ஆடுகிறது.”

“அது என் மேசை!”

“பதினேழு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியை போதாது. இன்னொருவர் வேண்டுமென்று கேட்பேன். கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். நான் சபையில் ஓர் ஆள்தான்.”

பின்னால் நாயோடு வந்த அதே பெரியவருக்கும் அவர் இதையே சொன்னார். ஒரு சொல் மாறவில்லை. கோபிஷா முழுவதையும் அப்பாவுக்கு மொழிபெயர்த்தாள்.

“இவ சிரிக்கவே மாட்டாவோ?” என்றார் அப்பா.

“சபையிலை சிரிக்கிற வேலை இல்லையப்பா!”

அங்கிருந்து நேரே யோகராஜா வீட்டுக்குப் போனார்கள். அவர் பேனாவோடு உட்கார்ந்து, முதல் கவரைத் திறந்து வைத்திருந்தார்.

“அண்ணை, என்ர கவரைத் தாங்கோ,” என்றார் அப்பா.

“ஏன்? என்னிலை நம்பிக்கை இல்லையோ?” யோகராஜாவுக்கு முகம் வாடிவிட்டது.

கோபிஷா திறந்திருந்த கவருக்குள் இருந்த விளக்கத் தாளை எடுத்து வாசித்துவிட்டு நீட்டினாள். “மாமா, இதை ஒருக்கா வாசியுங்கோ. அவையவை தங்கட கையாலைதான் எழுத வேணுமாம். சேர்த்து வைச்சு வேற ஆள் எழுதினால் குற்றமாம்.”

யோகராஜா கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். “எத்தினை வருசமா எல்லாருக்கும் எழுதிக் குடுக்கிறன். உதை மட்டும் வாசிக்காமல் விட்டிட்டன் பார்!”

“மாமா, எந்தத் தாள் எந்தக் கவருக்குள்ளை, எங்கை கையெழுத்து எண்டு உங்களுக்குத்தான் தெரியும். அதைக் காட்டிக் குடுங்கோ. பேரை அவையளே எழுதட்டும்.”

யோகராஜா போனை எடுத்து வாட்ஸ்அப்பில் சத்தமாகப் பேசினார். “நாளைக்குப் பின்னேரம் எல்லாரும் வந்து உங்கட கவரை எடுங்கோ. பேனையும் கொண்டு வாங்கோ!”

இருபத்தேழு பேரும் வந்தார்கள். பேனா கொண்டுவந்தது நாலு பேர்தான். கடைத்தெருவில் யார் என்ன சொன்னார்கள் என்பதைக் கோபிஷா கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

“அதுக்காக எங்கட ஆளை விடுறதோ?” என்று ஒருவர் முணுமுணுத்தார்.

“எங்கட பிள்ளையளும் எங்கட ஆக்கள்தானே,” என்றார் அப்பா.

பிறகு ஒவ்வொருவரும் பரீட்சை எழுதுகிற பிள்ளைகள்போலக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்கள். “இஞ்சை கையெழுத்து! இஞ்சை, இஞ்சை!” என்று யோகராஜா ஒவ்வொருவரிடமாக ஓடித் திரிந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முடிவு வந்தது. ஃபிரௌ கெல்லர் பத்தொன்பது வாக்குகளால் வென்றார். கோடை விடுமுறைக்கு முன் சபை கூடியது. ஒரே ஒரு வாக்கினால் அறை தப்பியது.

விடுமுறை முடிந்த முதல் செவ்வாய்க்கிழமை அறைக் கதவு திறந்திருந்தது. கோபிஷா நான்கு பின்னக் கணக்குகளையும் சரியாகப் போட்டு ஆசிரியையிடம் நீட்டினாள்.

“அடுத்தது கொஞ்சம் கஷ்டமாக இருக்கும்,” என்றார் அவர்.

“பரவாயில்லை, தாருங்கள்!” என்றாள் கோபிஷா.